பஸ்ஸில் ஏறாதவர்களை எண்ணுவது யார்?

மாலை 7 மணி. சென்னைக் கடற்கரையிலிருந்து வந்த மின்சார ரெயில் செங்கல்பட்டு நிலையத்துக்குள் நுழைந்தது. வண்டி நிற்பதற்குள் பாதிப் பேர் வாசற்படிக்கு வந்துவிட்டார்கள். நின்றதும் ஒரே ஓட்டம்! மேம்பாலப் படிக்கட்டில் கால் வைக்க இடம் இல்லை.

எதற்காக இந்த ஓட்டம்? பஸ்ஸைப் பிடிப்பதற்காகத்தான்.

நானும் ஓடினேன். சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் ஓடினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் அம்மாள் ஓடினார். பள்ளிக்கூடப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு தகப்பனார். எல்லோருமாக மூச்சு வாங்க வெளியே வந்து சேர்ந்தோம். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ் போய்விட்டிருந்தது!

"இப்பதான் சார் போச்சு. ரெண்டு நிமிஷம்கூட ஆவல" என்றார் பூ விற்கும் அம்மாள்.

"அடுத்தது எப்போது அம்மா?"

"முக்கால் மணி ஆவும்."

மாமல்லபுரம் பக்கம் போக நின்றவர்களை எண்ணிப் பார்த்தேன். 31 பேர். கொளவாய் ஏரிக் காற்று சுகமாகத்தான் வீசியது. ஆனால், அதை அனுபவிக்கிற மனநிலையில் அங்கே யாரும் இல்லை.

பக்கத்தில் ஓர் இளம்பெண் நின்றிருந்தார். கல்லூரிப் படிப்பு முடித்தவர். தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் வேலை. ஊர் பூஞ்சேரிக்குப் பக்கம்.

"ஏம்மா, தினமும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"வாரத்துல மூணு நாள் இப்படித்தான் சார். ரெயில் சரியா வந்தா பஸ் கிடைக்கும். அஞ்சு நிமிஷம் லேட்டானா இங்கேயே நிக்கணும். வீடு போய்ச் சேர ஒம்பது ஆயிடும்."

"வீட்டில் ஒன்றும் சொல்வதில்லையா?"

"அப்பா தினமும் வேலையை விட்டுடுன்னுதான் சொல்றாரு. எங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி என்கூட வந்துக்கிட்டு இருந்தா. அவ நின்னுட்டா சார். ஆறு மாசம் ஆச்சு."

வேலையிலிருந்து நின்றுவிட்ட அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அன்றைக்கு வீடு திரும்பும் வரை என் நினைவெல்லாம் அவளைப் பற்றியே இருந்தது. ஏன் தெரியுமா? பஸ் விடுகிறவர்களின் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அவள் இல்லை!

இரவுக் கணக்கு

பஸ் டிப்போவில் தினமும் இரவு கணக்குப் பார்ப்பார்கள். வண்டி எத்தனை 'சிங்கிள்' ஓடியது, எத்தனை டிக்கெட் கிழிந்தது, ஒரு கிலோ மீட்டருக்கு எவ்வளவு வசூல் என்று பைசா வரை எழுதுவார்கள். கணக்கு சரியாகவே இருக்கும்.

ஆனால் அது ஏறியவர்களின் கணக்கு. ஏறாதவர்களின் கணக்கு அதில் வருமா?

ஒரு தடத்தில் வசூல் குறைகிறது. 'அங்கே ஆள் இல்லை' என்று ஒரு பஸ்ஸை எடுத்துவிடுகிறார்கள். அரை மணிக்கு ஒன்றாக வந்தது முக்கால் மணிக்கு ஒன்று ஆகிறது. உடனே என்ன நடக்கும்? கையில் காசு உள்ளவர் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்குவார். இல்லாதவர் ஷேர் ஆட்டோவில் தொங்குவார். இரண்டுக்கும் வழி இல்லாத பெண் வீட்டோடு நின்றுவிடுவாள். வசூல் இன்னும் குறையும். 'பார்த்தீர்களா, ஆள் இல்லை என்றோமே!' என்று இன்னொரு பஸ்ஸையும் எடுத்துவிடுவார்கள்.

இது கதை அல்ல. சென்னைப் பெருநகர் வட்டாரத்திலேயே நடந்தது. 1970-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அங்கே மக்கள் போய்வந்த 100 பயணங்களில் சுமார் 42 பஸ்ஸில் நடந்தன. ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளில் 2கூட இல்லை. 2008-ஆம் ஆண்டில் எடுத்த கணக்கில் பஸ் பயணம் சுமார் 26 ஆகக் குறைந்துவிட்டது. இரு சக்கர வண்டி 25 ஆக ஏறிவிட்டது! ரெயிலும் பாதிக்குக் கீழே போயிற்று. நடைப்பயணம் குறையவில்லை. சொல்லப்போனால் அது கூடியிருந்தது.

இத்தகைய கணக்குகளை எடுப்பதும், 'இங்கே இத்தனை மணிக்கு ஒரு பஸ் வேண்டும். அங்கே ஓடுவதை இப்படித் திருப்ப வேண்டும்' என்று யோசனை சொல்வதும் ஒரு தனித் தொழில். போக்குவரத்து ஆலோசனை என்று அதற்குப் பெயர். டாக்டர், வக்கீல் மாதிரி இதற்கும் படித்த நிபுணர்கள் உண்டு. அரசாங்கமும் பஸ் கழகங்களும் நகராட்சிகளும் கட்டணம் கொடுத்து அவர்களை அழைக்கின்றன.

பல்லவன் பெயரில்...

தமிழ்நாட்டில் இந்த வேலைக்காகவே அரசாங்கம் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. 1984-ஆம் ஆண்டு அது பிறந்தது. பெயர், பல்லவன் போக்குவரத்து அறிவுரைப் பணிக்குழு.

சென்னை நகர பஸ்களுக்கு 1972 ஜனவரி முதல் தேதி தனிக் கழகம் ஏற்பட்டபோது பல்லவன் பெயரை வைத்தார்கள். ஆலோசனை நிறுவனத்துக்கும் அதே பெயர் தொடர்ந்தது. மாமல்லபுரத்துக் கற்கோயில்களை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்ததும் அதே 1984-ஆம் ஆண்டில்தான். ஒரே ஆண்டில் பல்லவனுக்கு இரண்டு மரியாதை! ஆனால், அந்தக் கோயில்களைப் பார்க்கப் போகிறவன் செங்கல்பட்டில் முக்கால் மணி நேரம் நிற்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதற்கு முன்பும் ஆய்வுகள் நடந்தன. 1968-ஆம் ஆண்டில் சென்னை வட்டாரப் போக்குவரத்தை ஆராய ஒரு தனிப் பிரிவு ஏற்பட்டது. இன்று கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வழியாக ஓடும் பறக்கும் ரெயில், அந்தக் காலத்து ஆய்வில் முளைத்த யோசனைதான். பின்னர் 1992 முதல் 1995 வரை நடந்த பெரிய ஆய்வில் பல்லவன் நிறுவனமும் பங்கு கொண்டது.

அறிக்கைகளுக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. எடைக்குப் போட்டால் லாரி நிறையும்! தடித்த அட்டை, வழவழப்பான தாள், முழுதும் ஆங்கிலம். அவற்றில் நல்லதும் உண்டு. அலமாரியில் தூங்குவதற்கென்றே பிறந்ததும் உண்டு. எப்படி வேறுபடுத்துவது? அந்த ஊரில் பஸ் ஏறி, கண்டக்டரோடும் டைம் கீப்பரோடும் டீக்கடையில் நின்று பேசி எழுதினார்களா, காரில் வந்து காரில் போனார்களா என்று விசாரித்தால் போதும்.

வீட்டுக்கு வீடு கேள்வி

நல்ல நிபுணர் என்ன செய்வார்?

முதலில் ஆட்களை பஸ்ஸில் அனுப்புவார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று அவர்கள் குறிப்பார்கள். இது சுலபம். ஏறியவரை எண்ணுவது யாருக்கும் சுலபம்.

அடுத்தது வீட்டுக்கு வீடு போவது. 'நேற்று உங்கள் வீட்டில் யார் யார் வெளியே போனார்கள்? எங்கே? எதற்கு? எதில்? எவ்வளவு நேரம் ஆயிற்று?' என்று கேட்பார்கள். பாட்டி கோயிலுக்கு நடந்தது முதல் பையன் சைக்கிளில் டியூஷன் போனது வரை எழுதிக்கொள்வார்கள்.

இங்கேதான் ஒரு நுணுக்கம். 'எங்கே போனீர்கள்?' என்று மட்டும் கேட்டால், பூஞ்சேரிப் பக்கத்துப் பெண் 'எங்கும் போகவில்லை' என்பாள். குறிப்பவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். 'எங்கே போக நினைத்துப் போகாமல் இருக்கிறீர்கள்? ஏன்?' என்று இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியில்தான் அவள் கணக்கில் வருகிறாள். இருட்டும் முன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்ப முடியாது என்று வைத்தியத்தையே தள்ளிப் போடுகிற கிழவரும் அதில்தான் வருவார்.

காத்திருப்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. பஸ்ஸுக்குள் உட்கார்ந்து போகும் ஒரு நிமிடமும், தெருவில் நின்று காத்திருக்கும் ஒரு நிமிடமும் கடிகாரத்தில் ஒன்றுதான். ஆனால் மனிதனுக்கு ஒன்று அல்ல. அதனால் திட்டம் போடுகிறவர்கள் காத்திருக்கும் ஒரு நிமிடத்தை ஏறத்தாழ 2 நிமிடமாக எண்ணுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் செங்கல்பட்டில் 45 நிமிடம் நின்றவர் 90 நிமிடம் நின்றதாகவே கணக்கு. அங்கிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோ மீட்டர். போய்ச் சேரும் நேரத்தைவிட நிற்கும் நேரம் பெரிதாகிவிடுகிறது!

ஐந்து பஸ் கணக்கு

'இன்னும் நாலு பஸ் விட்டால் தீர்ந்தது' என்று நாம் சொல்கிறோம். பஸ் வாங்கப் பணம் வேண்டும். டிரைவர், கண்டக்டர் வேண்டும். நிபுணர் முதலில் வேறு வழி பார்ப்பார். அந்தக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடலாம்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போக ஒரு மணி என்று வைத்துக்கொள்வோம். அங்கே கால் மணி நிற்கிறது. திரும்ப ஒரு மணி. இங்கே கால் மணி. ஆக, ஒரு பஸ் புறப்பட்டுச் சுற்றி வந்து மறுபடி புறப்பட 150 நிமிடம். அரை மணிக்கு ஒரு பஸ் வேண்டுமானால் 150-ஐ 30-ஆல் வகுங்கள். 5 பஸ் வேண்டும்.

இப்போது அந்தச் சுற்றில் எங்கேயோ வீணாகும் 30 நிமிடத்தைக் கண்டுபிடித்து மிச்சப்படுத்திவிட்டோம் என்று வையுங்கள். சுற்று 120 நிமிடம் ஆகிறது. அதே 5 பஸ்ஸை வைத்து 24 நிமிடத்துக்கு ஒன்று விடலாம். அல்லது அரை மணிக்கு ஒன்று போதும் என்றால் 4 பஸ் போதும். ஒரு பஸ் மிச்சம்! அதை பஸ் பார்க்காத ஒரு கிராமத்துக்கு அனுப்பலாம். காசு கொடுத்து வாங்காமல் கிடைத்த பஸ் அது.

அந்த 30 நிமிடம் எங்கே ஒளிந்திருக்கும்? கடைத்தெரு நெரிசலில் இருக்கும். பஸ் நிலையத்துக்குள் நுழைந்து திரும்பி வெளியே வருவதில் இருக்கும். கூட்ட நேரத்தில் கண்டக்டர் டிக்கெட் போட்டு முடிக்கட்டும் என்று ஓரங்கட்டி நிற்பதில் இருக்கும்.

பிரேசில் நாட்டில் குரிடிபா என்று ஒரு நகரம். ஜெய்மி லெர்னர் என்ற கட்டடக் கலைஞர் மேயராக இருந்தபோது, 1974-ஆம் ஆண்டில் பஸ்ஸுக்கென்றே தனிப் பாதை ஒதுக்கினார்கள். 1991-ஆம் ஆண்டில் கண்ணாடிக் குழாய் போன்ற நிறுத்தங்களைக் கட்டினார்கள். பிரயாணிகள் அதற்குள் நுழையும்போதே காசு கொடுத்துவிட வேண்டும். பஸ் வந்ததும் கதவு திறக்கும், ஏறுவதுதான் வேலை. சுரங்க ரெயில் தோண்டும் செலவு இல்லாமல் அந்த ஊர் பெயர் வாங்கியது.

நம் ஊருக்குக் கண்ணாடிக் குழாய் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கூட்ட நேரத்தில் பஸ் கிளம்பும் முன் கீழே நின்றே டிக்கெட் கொடுத்துவிட்டால் எத்தனை நிமிடம் மிச்சம் என்று ஒரு நாள் பார்க்கலாமே!

ஆனால், டிரைவரின் ஓய்வு நேரத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று வரம்பு கட்டியிருந்தது. தூக்கம் கெட்ட டிரைவர் மிச்சப்படுத்தித் தரும் 5 நிமிடம் யாருக்கும் வேண்டாம்.

மூன்றும் சேர்ந்து வருவது ஏன்?

வெகு நேரம் நிற்போம். ஒரு பஸ்ஸும் வராது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வரும். 'வேண்டுமென்றே செய்கிறார்கள்' என்று திட்டுவோம். பெரும்பாலும் அப்படி இல்லை.

முதல் பஸ் ஏதோ காரணத்தால் 5 நிமிடம் தாமதம். அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் கூடிவிடும். ஏற்றிக்கொள்ள அதிக நேரம் ஆகும். இன்னும் தாமதம். அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஆளே இல்லை. நிற்காமல் ஓடி வந்து முன்னால் போவதைப் பிடித்துவிடும். முதல் பஸ்ஸில் மூச்சுவிட இடம் இராது. பின்னால் வருவது காலியாக வரும்.

இதைத் தடுக்க வழியில் ஓரிரு இடங்களில் நேரம் பார்த்து வண்டியைச் சற்று நிறுத்தி அனுப்ப வேண்டும். அந்தக் காலத்து டைம் கீப்பர் விசிலும் நோட்டுமாக நின்று செய்த வேலை அதுதான். இப்போது செயற்கைக்கோள் மூலம் பஸ் இருக்கும் இடம் தெரிகிறது. தெரிந்தால் போதுமா? 'நில், போ' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

கழுகுகளின் நேரம்

நேரம் என்றதும் திருக்கழுக்குன்றம் நினைவுக்கு வருகிறது. வேதகிரி மலை மேல் நடுப்பகலில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் உணவு உண்டு போகும். அதைக் காண எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்தார்கள். நேரம் தவறாமல் வருவதுதான் அவற்றின் பெருமை! 1990-களோடு அந்தக் கழுகுகளின் வருகையும் நின்றுபோயிற்று.

மாமல்லபுரம் போகிறவர் செங்கல்பட்டில் வண்டி மாறுவது நேற்று வந்த பழக்கம் அல்ல. நூறு வருஷத்துக்கு முன்னும் இப்படித்தான். அக்காலத்தில் சென்னையிலிருந்து போக இரண்டு வழி இருந்தது. ஒன்று, பக்கிங்ஹாம் கால்வாயில் படகு. 1806-ஆம் ஆண்டில் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. 1877, 1878-ஆம் ஆண்டுகளில் தாது வருஷப் பஞ்ச நிவாரண வேலையாகச் சென்னைக்குள் வெட்டி வடக்கையும் தெற்கையும் இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. படகில் படுத்துத் தூங்கினால் பொழுது விடிந்தபின் மாமல்லபுரத்தில் இறங்கலாம்.

மற்றொரு வழி, செங்கல்பட்டு வரை ரெயில். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஜட்கா அல்லது மாட்டு வண்டி. ஜட்காக்காரர் ரெயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் காத்திருப்பார். ரெயில் தாமதம் என்றால் அவரும் தாமதிப்பார். சவாரி இல்லாமல் அவர் கிளம்பமாட்டார் அல்லவா? குதிரைக்குத் தெரிந்த இந்தச் சங்கதி பஸ்ஸுக்கு மறந்துபோயிற்று.

எத்தனை சொந்தக்காரர்கள்!

ஏன் மறந்தது? பஸ்காரர் மீது மட்டும் குற்றம் சொல்வது நியாயம் ஆகாது.

ரெயில், தெற்கு ரெயில்வேக்குச் சொந்தம். சென்னையிலிருந்து வரும் மாநகர பஸ் ஒரு கழகம். காஞ்சிபுரம் வட்டாரத்து பஸ் இன்னொரு கழகம். பஸ் நிலையம் வேறொருவர் பொறுப்பு. நெடுஞ்சாலை மத்திய சர்க்காரின் ஆணையத்திடம். கிழக்குக் கடற்கரைச் சாலை இன்னொரு நிறுவனத்திடம். கோயில்கள் தொல்பொருள் துறையிடம். ஒரு பெண் தாம்பரத்திலிருந்து பூஞ்சேரிக்குப் போவதற்குள் இத்தனை சொந்தக்காரர்களின் எல்லையைக் கடக்கிறாள். ஒருவர் கடிகாரத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

கிளாம்பாக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். 2023 டிசம்பர் 30-ந் தேதி அங்கே பிரமாண்டமான பஸ் முனையம் திறந்தார்கள். பரப்பு சுமார் 88 ஏக்கர். தென் மாவட்ட பஸ்கள் எல்லாம் அங்கே போயின. தண்டவாளமோ கூப்பிடு தூரத்தில். ஆனால் திறந்த அன்று அங்கே ரெயில் நிலையம் கிடையாது! மூட்டை முடிச்சோடு வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் மின்சார ரெயில் ஏற வேண்டியிருந்தது. ரெயில் நிலையம் கட்டும் வேலை பிறகுதான் வந்தது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து வரைபடம் போட்டிருந்தால் இந்த அலைச்சல் ஏது?

செங்கல்பட்டுக்கும் வெண்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் என்று சி.எம்.டி.ஏ. வேலை எடுத்தது. இட நெருக்கடிக்கு அது நல்லதுதான். ஆனால், ரெயிலடிக்குப் பக்கத்திலேயே பஸ் என்பதுதான் செங்கல்பட்டின் பெரிய சௌகரியம். இறங்கினால் நடை தூரம். அதை இழந்தால் நடுவில் மூன்றாவது வண்டி ஒன்றும், இன்னொரு காத்திருப்பும் வந்து சேரும். பஸ் நிலையத்தை நகர்த்தும்போது ரெயிலடிக்கும் அதற்கும் ஓயாமல் ஓடும் இணைப்பு பஸ்ஸையும் அதே நாளில் தொடங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இத்தனை சொந்தக்காரர்களையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று ஒன்று உண்டாயிற்று. 'கும்டா' என்பார்கள். அதற்கான சட்டம் வந்தது 2010-இல். நடைமுறைக்கு வந்தது 2019-இல். முதலமைச்சர் தலைமையில் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில்! நிதானத்தில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்சார ரெயில் மூன்றுக்கும் செல்போனில் ஒரே சீட்டு எடுக்க வழி செய்தார்கள். மிகவும் நல்ல காரியம். சீட்டு ஒன்றாகிவிட்டது, கடிகாரமும் ஒன்றாக வேண்டும்.

ரெயிலுக்காக நிற்கும் பஸ்

சுவிட்சர்லாந்து மலை நாடு. ஊர்கள் எல்லாம் சின்னச் சின்ன ஊர்கள். 'ஆள் இல்லை' என்று பஸ்ஸை நிறுத்துவதற்கு அதைவிடத் தோதான நாடு கிடையாது. அவர்கள் என்ன செய்தார்கள்?

1982-ஆம் ஆண்டு நாடு முழுதும் ஒரே சீரான கால அட்டவணையைக் கொண்டுவந்தார்கள். ஒரு ரெயில் 8 மணி 5 நிமிடத்துக்கு என்றால், அடுத்தது 9 மணி 5 நிமிடம், பிறகு 10 மணி 5 நிமிடம். நாள் முழுதும் அப்படியே. 1987 டிசம்பரில் ஜனங்களிடம் ஓட்டு எடுத்து இதை இன்னும் விரிவாக்கினார்கள். பெரிய ஜங்ஷன்களுக்கு நாலா பக்கத்து ரெயில்களும் மணி அடிக்கும் சமயத்தை ஒட்டி வந்து சேர்கின்றன. மாறி ஏறியதும் புறப்படுகின்றன. சின்ன ஸ்டேஷன் வாசலில் மஞ்சள் நிறத் தபால் பஸ் காத்து நிற்கிறது.

இந்த முறையில் ஒரு பெரிய லாபம் உண்டு. அட்டவணையைப் படிக்கத் தெரியாதவரும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். '5-க்கும் 35-க்கும் பஸ்' என்று ஒரு முறை சொன்னால் போதும். பாட்டியும் மறக்கமாட்டார். 6.10, 6.52, 7.47 என்று இருந்தால் படித்தவனுக்கே நினைவில் நிற்காது.

'சரி, ரெயில் தாமதமானால் பஸ் நிற்குமா? திருக்கழுக்குன்றத்தில் நிற்பவர் கதி என்ன?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கே 10 நிமிடம் நிறுத்தினால், அங்கே நிற்பவருக்கு 10 நிமிடம் தாமதம். ஆகவே எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று ஒரு வரம்பு கட்டுவார்கள். வழியில் அந்த நேரத்தை ஈடுகட்ட அட்டவணையில் சில நிமிடங்களை முன்கூட்டியே ஒதுக்குவார்கள். எல்லா சர்வீசுக்கும் இந்தச் சலுகை முடியாது. கடைசி இரண்டு பஸ்களுக்காவது அவசியம் வேண்டும். பகல் 2 மணிக்குத் தவறினால் எரிச்சலோடு போயிற்று. இரவில் தவறினால் வீடு போய்ச் சேர வழி கிடையாது.

திடீரென்று தோன்றிய பெண்கள்

'ஆள் இல்லை என்றால் இல்லைதான், எங்கிருந்து வருவார்கள்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்கள் டிக்கெட் காசு இல்லாமல் போகலாம் என்று உத்தரவு வந்தது. என்ன ஆயிற்று? அந்த பஸ்களில் பெண்களின் பங்கு மளமளவென்று ஏறிவிட்டது. மாநிலத் திட்டக் குழு விசாரித்தபோது, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகத் தெரிந்தது.

இந்தப் பெண்கள் அதற்கு முன் எங்கே இருந்தார்கள்? வானத்திலிருந்து குதித்தார்களா? இதே ஊரில்தான் இருந்தார்கள். சிலர் நடந்தார்கள். சிலர் ஷேர் ஆட்டோவில் போனார்கள். சிலர் வீட்டிலேயே இருந்தார்கள். டிக்கெட் கணக்கில் மட்டும் அவர்கள் இல்லை.

காசு ஒரு தடை. அது அந்த பஸ்களில் நீங்கிற்று. காத்திருப்பு இன்னொரு தடை. அது நீங்கினால் இன்னும் எத்தனை பேர் வருவார்கள் என்று யாராவது எண்ணிச் சொல்ல வேண்டாமா? பஸ் போகாத ஊர்களுக்காக 1997-இல் மினி பஸ் வந்தது. 2025 ஜூன் மாதம் அதைப் புதிய விதிகளோடு மறுபடி தொடங்கினார்கள். 25 கிலோ மீட்டர் வரை அவை ஓடலாம். கடற்கரைக் குப்பங்களிலிருந்து பெரிய சாலைக்கும் ரெயிலடிக்கும் இணைக்க ஏற்ற வண்டி அது. மினி பஸ் எத்தனை மணிக்கு வந்து சேர்கிறது, ரெயில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்து பெர்மிட் கொடுத்தால்தான் பலன்.

மாமல்லபுரத்துக்கே ரெயில் விடும் திட்டமும் உண்டு. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாகக் கடலூருக்கு ஒரு பாதை என்று 2008-2009 ரெயில்வே பட்ஜெட்டில் வந்தது. அந்த வருஷம் பிறந்த குழந்தை இப்போது கல்லூரி வயதை எட்டிவிட்டது. மாமல்லபுரத்தில் தண்டவாளம் இல்லை. அது வரும்போது வரட்டும். பஸ்ஸை 10 நிமிடம் தள்ளிப் புறப்பட வைப்பதற்கு பட்ஜெட் தேவை இல்லை.

7 மணி 50 நிமிடம்

அன்று மாலை செங்கல்பட்டில் 7 மணி 50 நிமிடத்துக்கு பஸ் வந்தது.

31 பேரில் 17 பேர்தான் மிச்சம் இருந்தார்கள். 9 பேர் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போய்விட்டார்கள். 5 பேரை வீட்டு ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையைத் தூக்கி வந்த தகப்பனார் அப்படித்தான் போனார். பிள்ளை தோளிலேயே தூங்கிவிட்டிருந்தது.

மற்ற 17 பேரும் ஏறினார்கள். கண்டக்டர் ஒவ்வொருவராகக் கேட்டுச் சீட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

பூஞ்சேரிப் பெண்ணுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

"ஏறிட்டேன்ப்பா" என்றார். "நீ எட்டரைக்கு மேல வந்தா போதும். மழை வர்ற மாதிரி இருக்கு, ரோட்டோரத்துல நிக்காதே. டீக்கடையில உக்காந்துக்கோ."